தொற்றுநோய்க் காலத்தில் நிவாரணப் பொருள் விநியோகம்: மஹல்லாக்கள் முன்கூட்டியே திட்டமிடுவது எப்படி?

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு ஹிஜாஸ் பகுதியில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. மண் காய்ந்து சாம்பல் போல் ஆனதால் அந்த ஆண்டுக்கே 'சாம்பல் ஆண்டு' (ஆமுர் ரமாதா) என்று பெயர் வந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மற்ற மாகாணங்களிலிருந்து உணவுப் பொருட்களை வரவழைத்து, மதீனாவைச் சுற்றித் தங்கியிருந்த மக்களுக்குச் சமைத்து வழங்க ஏற்பாடு செய்தார்கள். ஓர் இரவு, உண்ண வந்தவர்களை எண்ணச் சொன்னார்கள். 7,000 பேர் இருந்தார்கள். அவர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. வர முடியாமல் இருப்பிடத்திலேயே தங்கிவிட்ட குடும்பத்தார், நோயாளிகள், குழந்தைகள் எத்தனை பேர் என்றும் எண்ணச் சொன்னார்கள். 40,000 பேர் என்று கணக்கு வந்தது. இப்னு சஅத் (ரஹ்) அவர்களின் வரலாற்று நூலில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

வந்தவர்களைவிட வராதவர்கள் ஐந்து மடங்குக்கும் மேல். நிவாரணப் பணியில் இறங்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது. தொற்றுநோய்க் காலத்தில் இது இன்னும் முக்கியமாகிறது. ஏனென்றால் நோயாளியும் அவரோடு தனிமைப்படுத்தப்பட்ட குடும்பமும் வரிசைக்கு வரவே முடியாது, வரவும் கூடாது.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் வெளியிலிருந்து செல்லக் கூடாது, அவ்வூரில் இருப்பவர் அங்கிருந்து வெளியேறவும் கூடாது என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல் நாம் அனைவரும் அறிந்ததே. ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பியது இந்த அடிப்படையில்தான். இதில் நாம் அதிகம் பேசாத ஒரு பக்கம் உண்டு. 'வெளியே வராதே' என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், அவருக்கு உணவும் மருந்தும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு வெளியில் இருப்பவர்கள் மீது வந்துவிடுகிறது. அந்தப் பொறுப்பை எப்படித் திட்டமிட்டு நிறைவேற்றுவது என்பதைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது.

வெள்ள நிவாரணத்திலிருந்து இது எங்கே வேறுபடுகிறது?

நமது ஜமாஅத்துகளுக்கு நிவாரணப் பணி புதிதல்ல. சுனாமி, 2015 சென்னை வெள்ளம், கஜா புயல் என எத்தனையோ பேரிடர்களில் நம் இளைஞர்கள் களத்தில் நின்றிருக்கிறார்கள். ஆனால் வெள்ளத்தில் நாம் செய்யும் முறை தொற்றுநோய்க்குப் பொருந்தாது. வெள்ளத்தில் மக்களை ஓர் இடத்தில் கூட்டி, பெரிய அண்டாவில் சமைத்து, வரிசையில் நிறுத்திக் கொடுக்கிறோம். தொற்றுநோயில் அந்தக் கூட்டமே ஆபத்து.

இதற்கு நம் கண் முன் உள்ள சான்று கோயம்பேடு. 2020 ஏப்ரல் இறுதியில் ஊரடங்கு கடுமையாக இருந்த நேரத்திலும் காய்கறி வாங்க மக்கள் அங்கே திரண்டார்கள். சந்தையில் பரவிய கொரோனா, அங்கு வேலை செய்தவர்களும் லாரி ஓட்டுநர்களும் ஊர் திரும்பியபோது கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்கள் வரை சென்றது. மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டு, பின்னர் மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. உணவு கிடைத்த இடமே நோய் பரப்பும் இடமாகிவிட்டது.

இன்னொரு வேறுபாடு காலம். வெள்ள நீர் சில நாட்களில் வடிந்துவிடும். தொற்றுநோயில் ஒரு வீடு 14 நாளோ 21 நாளோ அடைபட்டுக் கிடக்கும். ஒருவேளை பிரியாணிப் பொட்டலம் அங்கே உதவாது. இரண்டு வாரத்துக்கான பொருள் வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்கா தந்த பாடம்

2014 முதல் 2016 வரை கினியா, சியரா லியோன், லைபீரியா ஆகிய மூன்று நாடுகளை எபோலா உலுக்கியது. 28,600க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 11,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கினியாவும் சியரா லியோனும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள்.

லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயிண்ட் என்ற கடலோரக் குடிசைப் பகுதி உள்ளது. பல்லாயிரம் பேர் நெருக்கியடித்து வாழும் இடம். 2014 ஆகஸ்ட் 20 அன்று அந்தப் பகுதி முழுவதையும் படையினர் முள்கம்பி போட்டு அடைத்தனர். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் மக்கள் அவர்கள். முன்னறிவிப்பு இல்லை, வீட்டில் சேமிப்பும் இல்லை. மோதல் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். உள்ளே உணவுப் பொருட்களின் விலை ஏறியது. பத்து நாளில் அரசே அடைப்பை விலக்கிக்கொண்டது.

சியரா லியோனில் எபோலா கண்ட வீடுகளை 21 நாட்கள் தனிமைப்படுத்தினார்கள். உலக உணவுத் திட்டம் போன்ற அமைப்புகள் அந்த வீடுகளுக்கு உணவு கொண்டு சென்றன. ஆனாலும் பல இடங்களில் பொருள் தாமதமாகவே வந்தது. அரிசி வந்த வீட்டில் சமைக்க விறகு இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. மக்கள் கயிற்றைத் தாண்டி வெளியே வந்தார்கள். அவர்களை வெளியே இழுத்தது பிடிவாதம் அல்ல, தாகமும் பசியும்தான். தனிமைப்படுத்தல் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

2020இல் நாம் கற்றவை

தமிழகத்தில் 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு ரூ.1,000 மற்றும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை அறிவிக்கப்பட்டபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கன் முறை கடைப்பிடிக்கப்பட்டது. கூட்டத்தைப் பிரித்துவிடும் எளிய முறை அது. முறையாக நடந்த கடைகளில் நெரிசல் குறைந்தது.

அந்த ஆண்டு ரமளானையும் மறக்க முடியாது. நோன்புக் கஞ்சிக்காக 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் பச்சரிசி வழங்குவதாக அரசு அறிவித்தது. பள்ளியில் கஞ்சி காய்ச்சி ஊற்றும் வழக்கம் மட்டும் நிறுத்தப்பட்டது. தொண்டர்கள் மூலம் அரிசியாகவே வீடுகளுக்குச் சேர்ப்பது என்று முடிவானது. காலங்காலமாகத் தூக்குச் சட்டியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் அந்த ஆண்டு வரவில்லை. பள்ளிதான் வீடுகளுக்குப் போனது.

ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. 2020 ஏப்ரலில் தன்னார்வலர்கள் நேரடியாகப் பொருள் வழங்கக் கூடாது என்று அரசு தடை விதித்தது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அதற்கு அனுமதி அளித்தது. உதவி செய்யும் எண்ணம் மட்டும் போதாது. நிர்வாகத்துடன் முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் பொருள் கையில் இருந்தும் கொண்டு செல்ல முடியாமல் போகலாம் என்பது இதில் நாம் பெறும் பாடம்.

இந்த அனுபவங்களின் அடிப்படையில் ஒரு மஹல்லா செய்து வைக்க வேண்டிய ஏற்பாடுகளை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பட்டியல்

எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பெரும்பாலான ஜமாஅத்துகளில் சந்தாதாரர் பதிவேடு இருக்கிறது. ஆனால் சந்தா கட்டாத வாடகைக் குடித்தனக்காரர்கள், வேறு ஊரிலிருந்து வந்து தங்கியவர்கள், வடமாநிலத் தொழிலாளர்கள், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் பெரியவர்கள், இத்தாவில் இருக்கும் பெண்கள், நம் தெருவிலேயே வசிக்கும் பிற சமயச் சகோதரர்கள் ஆகியோரின் நிலை அந்தப் பதிவேட்டில் தெரியாது. வெளிநாட்டுப் பணம் வரும் வீடு என்று நாம் நினைக்கும் வீட்டில்கூட, வேலை போய்விட்டால் அடுத்த மாதமே கஷ்டம் தொடங்கிவிடும்.

எனவே தெரு வாரியாக, வீட்டு எண் வாரியாகப் பட்டியல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத வேண்டியவை இவ்வளவுதான்:

- எத்தனை பேர், அதில் 5 வயதுக்கு உட்பட்டவர், 60 வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை
- கர்ப்பிணி, பாலூட்டும் தாய் உண்டா
- தினசரி மாத்திரை, இன்சுலின், டயாலிசிஸ் தேவைப்படுவோர் உண்டா
- தினக்கூலியில் நடக்கும் வீடா
- ரேஷன் அட்டை உண்டா
- அழைக்க ஒரு தொலைபேசி எண்

20 முதல் 25 வீட்டுக்கு ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்தால் போதும். பெண்கள் தனியாக வாழும் வீடுகளின் தேவையைக் கேட்டறியப் பெண் தொண்டர்கள் அவசியம். ஆண்களிடம் சொல்லத் தயங்கும் தேவைகள் பல உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, ரமளானுக்கு முன் ஃபித்ரா பட்டியல் எடுக்கும்போதே இதையும் புதுப்பித்துவிடலாம்.

2. இரண்டு வாரப் பொதி

பேரிடர்க் காலத்தில் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குச் சராசரியாக 2,100 கிலோ கலோரி உணவு என்பது மனிதாபிமான உதவி அமைப்புகள் பின்பற்றும் உலகளாவிய அளவு. அதற்கு நெருக்கமாக, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 14 நாளுக்கான பொதி இப்படி அமையும்:

- அரிசி 23 கிலோ
- பருப்பு மூன்றரை கிலோ
- சமையல் எண்ணெய் 2 லிட்டர்
- சர்க்கரை ஒன்றரை கிலோ
- உப்பு அரை கிலோ
- குளியல் சோப்பும் துணி சோப்பும் சேர்த்துச் சுமார் 900 கிராம்

இதனுடன் புளி, மிளகாய்த் தூள், தேயிலை, வெங்காயம், உருளைக்கிழங்கு போன்ற கெடாத பொருட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு டயப்பர், பெண்களுக்கு நாப்கின் ஆகியவை கேட்காமலேயே பொதியில் இருக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் மாவு கொடுத்துப் பழக்கிவிடக் கூடாது. மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுக்க வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் விறகும் தண்ணீரும் இல்லாமல் தவித்ததை நினைவில் கொள்ளுங்கள். நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பது கேஸ் சிலிண்டரும் குடிநீர்க் கேனும். சிலிண்டர் தீர்ந்துபோன வீட்டுக்கு 23 கிலோ அரிசியால் பயனில்லை. பொதி கொடுக்கும்போதே 'கேஸ் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, போன் ரீசார்ஜ் இருக்கிறதா, மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது?' என்ற நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும்.

எவ்வளவு பொருள் தேவைப்படும்? 300 வீடுகள் உள்ள ஒரு மஹல்லாவை எடுத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு வீட்டுக்கு உதவி தேவை என்று வைத்தால் 30 பொதிகள். அதாவது அரிசி 690 கிலோ, பருப்பு 105 கிலோ, எண்ணெய் 60 லிட்டர், சர்க்கரை 45 கிலோ. இதை வாங்கிப் பள்ளி அறையில் அடுக்கி வைத்தால் வண்டு பிடிக்கும். அதற்குப் பதிலாக உள்ளூர் அரிசி மண்டி, மளிகைக் கடை உரிமையாளர்கள் இருவரிடமாவது 'அழைத்த இரண்டு நாளில் இந்த அளவு பொருள் தர வேண்டும், பணம் பிறகு' என்று பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கடை மூடப்பட்டாலும் மற்றது கை கொடுக்கும்.

3. நோய்க்கு ஏற்ற பொருட்கள்

எல்லாத் தொற்றுநோய்க்கும் ஒரே பொதி பொருந்தாது.

காலரா, வயிற்றுப்போக்கு: உயிர் காப்பது ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பாதுகாப்பான தண்ணீரும்தான். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பின் அளவு கூடிவிடக் கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவர் ஆலோசனைப்படி ஜிங்க் மாத்திரையும் தேவை. சமைத்த உணவை விநியோகிப்பதை இக்காலத்தில் தவிர்ப்பதே நல்லது.

டெங்கு: கொசு வலை, கொசு விரட்டி, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி ஆகியவை முக்கியம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தக்கசிவை அதிகப்படுத்தலாம் என்பதால் அவற்றைப் பொதியில் வைக்கக் கூடாது.

கொரோனா போன்ற சுவாசத் தொற்று: முகக்கவசம், சோப்பு, வெப்பமானி, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர். ஆக்சிமீட்டரை எல்லா வீட்டுக்கும் வாங்கத் தேவையில்லை. தெருவுக்கு ஒன்றிரண்டு வைத்து, துடைத்துச் சுத்தம் செய்து சுழற்சி முறையில் கொடுக்கலாம்.

எந்த நோயானாலும் சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இடையில் நிறுத்திவிடக் கூடாது. தொற்றுநோயை விட்டு இதில் உயிரிழப்பவர்களும் உண்டு. மருந்துச் சீட்டின் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி, மருந்துக் கடையில் எடுத்துக் கொடுக்க ஒருவரைத் தனியாக நியமியுங்கள். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்பதால் அதை மளிகைப் பொதியோடு கட்டிவிடாதீர்கள்.

4. கொண்டு சேர்க்கும் முறை

பொதி கட்டும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். கல்யாண மண்டபமோ பள்ளியின் வெளி முற்றமோ போதும். ஒரே நேரத்தில் பத்து பேருக்கு மேல் வேண்டாம்.

ஒரு தெருவுக்கு எப்போதும் அதே இருவர் செல்ல வேண்டும். அப்போதுதான் தொற்று ஏற்பட்டாலும் யார் யாருடன் பழகினார்கள் என்று கண்டுபிடிக்க முடியும். வாசலில் பொதியை வைத்து, போன் செய்துவிட்டு, விலகி நின்று, எடுத்துக்கொண்டதைப் பார்த்துத் திரும்ப வேண்டும். கையெழுத்து வாங்க ஒரே பேனாவை வீடு வீடாகக் கொண்டு போக வேண்டாம். தொண்டரே பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குக் கொண்டு செல்ல முடியாமல் ஓர் இடத்தில்தான் வழங்க வேண்டும் என்றால் நேரம் குறித்த டோக்கன் கொடுங்கள். அரை மணி நேரத்துக்கு 15 பேர் என்று வைத்தால் நெரிசல் வராது. முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் டோக்கன் வேண்டாம். அவர்கள் வீட்டுக்கே பொருள் போக வேண்டும்.

தொண்டர்கள் இளைஞர்களாகவும், நாள்பட்ட நோய் இல்லாதவர்களாகவும், வீட்டில் வயதான பெற்றோர் இல்லாதவர்களாகவும் இருப்பது நல்லது. காய்ச்சல் வந்த தொண்டர் அன்றே விலகிக்கொள்ள வேண்டும். அவர் வீட்டுக்கும் ஒரு பொதி போக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

5. மானமும் இரகசியமும்

கொரோனா தொடக்கத்தில் டெல்லி மாநாட்டுக்குச் சென்று வந்தவர்கள் மீதும் அதன் வழியாக ஒரு சமுதாயத்தின் மீதே விழுந்த பழிச்சொல்லை நாம் மறக்கவில்லை. அதே தவறை நாம் இன்னொருவருக்குச் செய்துவிடக் கூடாது. யார் வீட்டில் நோய், யாருக்கு உதவி போகிறது என்ற பட்டியல் இரண்டு மூன்று பொறுப்பாளர்களைத் தாண்டிப் போகக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பழிக்குப் பயந்தால் மக்கள் நோயை மறைப்பார்கள். மறைத்தால் நோய் பரவும்.

பொதி வாங்குபவரை நிற்க வைத்துப் புகைப்படம் எடுக்கும் பழக்கத்தையும் அடியோடு விட்டுவிட வேண்டும். நன்கொடையாளருக்குக் கணக்கு காட்ட ரசீதும் பதிவேடும் போதும். ஏழையின் முகம் தேவையில்லை.

6. நிதியும் கணக்கும்

ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், ஜகாத் பணத்தையும் பொதுவான சதகா நிதியையும் தனித்தனிக் கணக்கில் வைக்க வேண்டும். சோப்பு, ஆக்சிமீட்டர், வாகனச் செலவு போன்றவற்றுக்கும், சமய வேறுபாடின்றி அனைவருக்கும் செய்யும் உதவிக்கும் சதகா நிதியைப் பயன்படுத்துவது எளிது. ஐயம் வரும் இடங்களில் உள்ளூர் ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியின் நடுவே விவாதம் நடத்த நேரம் இருக்காது. வரவு, செலவு, இருப்பு மூன்றையும் வாரம் ஒருமுறை பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அடுத்த முறையும் மக்கள் நம்பிக் கொடுப்பார்கள்.

7. ஜனாஸா ஏற்பாடு

பேச மனம் வராவிட்டாலும் திட்டத்தில் இது இருக்கத்தான் வேண்டும். எபோலா காலத்தில் இறந்தவரின் உடலைக் கழுவித் தொடுவதன் மூலம் நோய் பரவியது. மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு, உலக சுகாதார நிறுவனம் முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளுடன் கலந்து பேசி 2014 நவம்பரில் பாதுகாப்பான, கண்ணியமான அடக்க முறையை வெளியிட்டது. தண்ணீருக்குப் பதில் தயம்மும், கபனிடுதல், குடும்பத்தார் தொலைவில் நின்று தொழுவது ஆகியவற்றுக்கு அதில் இடம் தரப்பட்டது. மார்க்கத்தை மதித்துப் பேசியபோது மக்கள் ஒத்துழைத்தார்கள். எனவே கபன் துணி, கையுறை, பாதுகாப்பு உடை, கபர் தோண்ட ஆட்கள், பயிற்சி பெற்ற நால்வர் குழு ஆகியவற்றைப் பட்டியலில் சேருங்கள்.

8. அரசுடன் தொடர்பு

கிராம நிர்வாக அலுவலர், சுகாதார ஆய்வாளர், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, காவல் நிலையம் ஆகிய ஐந்து எண்களும் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். நகரங்களில் மாநகராட்சி மண்டல அலுவலகம். தகரம் அடித்து அடைத்த தெருவுக்குள் யார் செல்லலாம், எந்த நேரத்தில் செல்லலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அரசு எந்த வீட்டுக்கு என்ன கொடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு முறையும் இன்னொரு வீட்டுக்கு ஒன்றுமில்லாமலும் போகாது. பக்கத்து மஹல்லா, கோயில் நிர்வாகம், சர்ச், வணிகர் சங்கம் ஆகியவற்றுடன் தெருக்களைப் பிரித்துக்கொள்வதும் அப்படித்தான்.

எங்கே தொடங்குவது?

நோய் வந்தபின் இவை அனைத்தையும் புதிதாகத் தொடங்க முடியாது. வெளியே போக முடியாத நாளில் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்க முடியாது அல்லவா? எனவே அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்று வேலைகளை மட்டும் முடித்துவிடுங்கள்: தெருப் பொறுப்பாளர்களை நியமியுங்கள், பட்டியலைத் தொடங்குங்கள், இரண்டு கடைக்காரர்களிடம் பேசுங்கள். மற்றவை தானாகத் தொடரும்.

பட்டியல் முடிந்ததும் ஒருமுறை சரிபாருங்கள். நாளைக்கே ஊர் அடங்கிவிட்டால், பள்ளிவாசலுக்கு வந்து கேட்க முடியாத வீடுகள் எவை? அவை எல்லாம் பட்டியலில் இருக்கின்றனவா? உமர் (ரலி) அவர்கள் அன்று எண்ணச் சொன்னது அவர்களைத்தான்.

அல்லாஹ் நம் அனைவரையும், நம் அண்டை வீட்டாரையும் நோய்களிலிருந்து பாதுகாப்பானாக. பிறருக்கு உதவும் பணியை நம் கைகளால் செய்ய வைப்பானாக.